புனித கத்பெர்ட்டின் பெயரால் பெண்களுக்கு எல்லை வகுத்தது யார்?

வினா: மறைக்கல்வி ஆசிரியை

மரியே வாழ்க.

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டர்ஹம் பேராலயத்தின் உயர்பீடத்துக்குப் பின்னால், ஆயரும் துறவியுமான புனித கத்பெர்ட்டின் கல்லறை இருக்கிறது. அவருடைய பெயர் மட்டும் இலத்தீனில் பொறிக்கப்பட்ட எளிய கற்பலகை ஒன்று அதை மூடியிருக்கிறது. அதே பேராலயத்தின் மறுகோடியில், மேற்கு வாயிலை அடுத்த தரையில், கருமையான கல்லால் பதிக்கப்பட்ட கோடு ஒன்றும் இருக்கிறது. இடைக்காலத்தில் பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டிக் கிழக்கே ஓர் அடிகூட வைக்கக் கூடாது என்று விதி இருந்ததாகவும், கத்பெர்ட் தம் வாழ்நாளில் பெண்களின் அருகாமையை வெறுத்ததே அதற்குக் காரணம் என்றும் அங்கே வருபவர்களுக்குக் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

ஆனால், கத்பெர்ட் இறந்து ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குள், துறவியும் வரலாற்றாசிரியருமான பீட் அடிகளார் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போது எனக்குக் கிடைக்கும் மனிதர் வேறு ஒருவராக இருக்கிறார். அந்நூலில் அவர் மடத்தலைவியரின் அழைப்பை ஏற்று அவர்களுடைய மடங்களுக்குச் செல்கிறார்; அரசியோடு உரையாடுகிறார்; பிள்ளையை இழந்த தாயைத் தேற்றுகிறார். இந்த இரண்டு கத்பெர்ட்டுகளையும் என்னால் ஒன்றாகப் பொருத்திப் பார்க்க இயலவில்லை. எங்கள் பங்கின் இளையோர் வகுப்பில் இவரைப் பற்றிப் பேசவிருக்கிறேன். அங்குள்ள மாணவியர் இந்தக் கோட்டைப் பற்றி நிச்சயமாகக் கேட்பார்கள். அவர்களுக்கு உண்மைக்கு மாறான விடை எதையும் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆகவே அறிந்தவர்களிடம் இரண்டு செய்திகளைக் கேட்கிறேன். பெண்களை விலக்கும் விதி உண்மையிலேயே இந்தப் புனிதரிடமிருந்து வந்ததா, அல்லது பின்னால் வந்தவர்கள் ஏற்படுத்தியதா? அடுத்து, திருத்தந்தை புனிதர் பட்டம் வழங்கும் முறை ஏற்படாத அந்தக் காலத்தில் இவர் எப்படிப் புனிதராக ஏற்கப்பட்டார்? அவருடைய உடல் அழியாமல் இருந்தது என்னும் செய்தியை நாம் எவ்வாறு புரிந்துகொள்வது?

மறுமொழி: வரலாற்று மாணவன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கத்பெர்ட்டைப் பற்றி எஞ்சியிருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் பெண்களை விலக்கும் விதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எழுத்துகள் எவை, அவற்றை ஏன் நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வகுப்பில் நீங்கள் உறுதியாகப் பேச முடியும்.

கத்பெர்ட் 687 மார்ச் 20 அன்று இறந்தார். அவருடைய சொந்த மடமான லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்தைச் சேர்ந்த, பெயர் தெரியாத ஒரு துறவி 699-க்கும் 705-க்கும் இடைப்பட்ட காலத்தில் முதல் வரலாற்றை எழுதினார். அதைப் பின்பற்றி பீட் அடிகளார் முதலில் செய்யுளாக ஒன்றும், 721-ஐ ஒட்டி உரைநடையில் மற்றொன்றும் எழுதினார். உரைநடை நூலை எழுதும்போது கத்பெர்ட்டோடு வாழ்ந்தவர்களிடம் கேட்டுச் சரிபார்த்ததாகவும், முடிந்த நூல் லிண்டிஸ்ஃபார்னின் மூத்த துறவியர் முன்னிலையில் இரண்டு நாள்கள் படிக்கப்பட்டு அவர்களால் ஏற்கப்பட்டதாகவும் அவரே முன்னுரையில் கூறுகிறார். புனிதரை நேரில் அறிந்தவர்கள் உட்கார்ந்து கேட்டு ஒப்புதல் தந்த நூல் அது. கத்பெர்ட் பெண்களைத் தம் ஆலயத்திலிருந்து விலக்கியிருந்தால், அந்த மூத்தவர்களில் ஒருவராவது அதை நினைவுபடுத்தியிருப்பார் என்றே நான் கருதுகிறேன்.

அந்த நூல்களில் வரும் பெண்களைப் பாருங்கள். எட்டு வயது முதல் கத்பெர்ட்டை வளர்த்தவர் கென்ஸ்வித் என்னும் கைம்பெண். பின்னர் துறவு பூண்டவர். கத்பெர்ட் அவரை அம்மா என்றே அழைத்தார். வளர்ந்து துறவியான பிறகும் அவரை அடிக்கடி போய்ப் பார்த்தார். அப்படி ஒரு முறை போயிருந்தபோது ஊரில் தீப்பற்றிக் காற்றோடு பரவ, அவருடைய செபத்தால் காற்றின் திசை மாறியது என்பது அவ்வரலாற்றில் வரும் புதுமைகளுள் ஒன்று.

கடலில் கழுத்தளவு நீரில் நின்று இரவெல்லாம் செபித்த அவருடைய கால்களைக் கரையேறியதும் இரண்டு நீர்நாய்கள் தம் உரோமத்தால் துவட்டி வெதுவெதுப்பாக்கிய நிகழ்ச்சியைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு: அவர் அங்கே ஏன் இருந்தார் என்பது. அது கோல்டிங்ஹம் மடத்தை ஒட்டிய கடற்கரை. ஆண் துறவியரும் பெண் துறவியரும் ஒரே தலைவியின் கீழ் வாழ்ந்த இரட்டை மடம் அது. அதன் தலைவி எப்பா, வட இங்கிலாந்து அரசான நார்தம்பிரியாவின் அரசர் ஓஸ்வியூவின் சகோதரி. தம் மடத்தாருக்கு அறிவுரை வழங்க வருமாறு கத்பெர்ட்டை அவரே அழைத்திருந்தார். கத்பெர்ட் மறுக்காமல் வந்து சில நாள்கள் அங்கே தங்கினார்.

மற்றொருவர் விட்பி மடத்தின் தலைவி எல்ஃபிளேடு. நார்தம்பிரியாவை அப்போது ஆண்ட அரசர் எக்ஃப்ரித்தின் சகோதரி அவர். கத்பெர்ட் 676 முதல் ஃபார்ன் தீவில் தனித்துறவியாக வாழ்ந்துவந்தார். 684-இல் எல்ஃபிளேடு அவரைச் சந்திக்க வேண்டிச் செய்தி அனுப்ப, அவர் தம் தனிமையைவிட்டுப் படகேறி காக்கெட் தீவுக்கு வந்தார். தன் சகோதரன் இன்னும் எவ்வளவு காலம் ஆள்வான், அவனுக்குப் பின் யார் என்பதே அந்த மடத்தலைவியின் கவலை. ஓர் ஆண்டுக்குமேல் இல்லை என்பதைக் கத்பெர்ட் குறிப்பால் உணர்த்தினார். மக்கட்பேறு இல்லாத அந்த அரசனுக்குப் பின், கடலுக்கு அப்பால் தீவுகளில் வாழும் ஒருவரை அவர் சகோதரனாக ஏற்க வேண்டியிருக்கும் என்றும் கூறினார். 685 மே 20 அன்று, இன்றைய ஸ்காட்லாந்தில் வாழ்ந்த பிக்டு இனத்தாரோடு நடந்த போரில் எக்ஃப்ரித் வீழ்ந்தார். அயர்லாந்துத் துறவியரிடையே கல்வி பயின்றுவந்த வேறொரு தாய்க்குப் பிறந்த அவருடைய சகோதரர் ஆல்ட்ஃப்ரித் அரியணை ஏறினார். இறைவாக்கு என்ற கோணத்தை ஒதுக்கிவைத்தாலும், நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு பெண்ணும் ஒரு துறவியும் சமமாக அமர்ந்து பேசிய பேச்சாக அது இருக்கிறது. பெண்களின் அருகாமையை வெறுத்த மனிதரிடம் அரசனின் சகோதரி இத்தகைய கேள்வியைக் கொண்டுவந்திருக்க மாட்டார்.

கடைசியாக வெர்கா என்னும் மடத்தலைவி. அவர் கத்பெர்ட்டுக்கு ஒரு மெல்லிய துணியை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். கத்பெர்ட் அதை உயிரோடிருக்கும்வரை உடுத்தவில்லை. அதற்குக் காரணம் விலக்கு அன்று. தாம் இறந்த பின் தம் உடலை அதிலேயே சுற்ற வேண்டும் என்று, தம்மோடு இருந்தவர்களிடம் அவர் சொல்லிச் சென்றார். அவ்வளவு பற்றோடு ஒரு பெண்ணின் கொடையைத் தம் அடக்கத்துக்கென எடுத்துவைத்த ஒருவரின் கல்லறைக்குப் பெண்கள் நெருங்கக் கூடாது என்று அவர் பெயராலேயே பின்னாளில் விதிக்கப்பட்டது எனக்கு இன்றும் மன வருத்தத்தைத் தருகிறது.

மறுமொழி: கட்டடக்கலை ஆர்வலர்

மேலே நண்பர் 7-ஆம் நூற்றாண்டைப் பற்றிச் சொன்னார். அந்தக் கோடு அடுத்த பல நூற்றாண்டுகளின் வரலாற்றைச் சேர்ந்தது. ஆகவே அங்கிருந்து தொடர்கிறேன்.

793-இல் வைக்கிங்குகள் லிண்டிஸ்ஃபார்னைத் தாக்கினார்கள். தாக்குதல்கள் தொடர்ந்தமையால் 875-இல் அத்தீவின் சமூகத்தார் புனிதரின் உடலைப் பெட்டியோடு சுமந்துகொண்டு வெளியேறினார்கள். ஏழு ஆண்டுகள் அலைந்து 883-இல் செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட் என்னும் ஊரில் தங்கி, 995-இல் டர்ஹமை அடைந்தார்கள். இந்த நீண்ட காலத்தில் அந்தச் சமூகம் பழைய துறவு மடமாக நீடிக்கவில்லை. புனிதரின் உடலைக் காத்தவர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களோடு வாழ்ந்த குருக்கள். அந்தப் பணி குடும்ப உரிமையாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. இதை இழிவாகப் பார்க்க வேண்டியதில்லை. இருநூறு ஆண்டுகள் அந்த உடலைக் கைவிடாமல் காத்தவர்கள் அந்தக் குடும்பத்தாரே. அவர்களுடைய மனைவியரும் மகள்களும் புனிதரின் அருகிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு நிலைமை மாறியது. 1083-இல் டர்ஹமின் ஆயர் வில்லியம் இந்தக் குருக்களை அகற்றி, வேர்மத், ஜாரோ ஆகிய மடங்களிலிருந்து 23 பெனடிக்டுச் சபைத் துறவியரைக் கொண்டுவந்து அவர்களிடத்தில் அமர்த்தினார். குருக்கள் விரும்பினால் துறவு பூண்டு அங்கேயே இருக்கலாம் என்று சொல்லப்பட்டபோது, அவர்களின் தலைவர் ஒருவர் மட்டுமே, அதுவும் ஏற்கெனவே துறவியாகியிருந்த தம் மகன் வற்புறுத்தியதால், அதற்கு இணங்கினார். மற்றவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் வாழ்ந்த இடத்தைவிட்டு வெளியேறினார்கள்.

இந்த மாற்றத்துக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டர்ஹம் துறவியான சிமியோன் தம் மடத்தின் வரலாற்றை எழுதியபோதுதான், கத்பெர்ட் பெண்களைத் தம் ஆலயத்திலிருந்து விலக்கினார் என்னும் செய்தி முதன்முதலாக எழுத்தில் தெளிவாக வருகிறது. கோல்டிங்ஹம் இரட்டை மடம் ஒழுக்கக்கேட்டால் தீக்கிரையானதைக் கண்டு மனம் நொந்த கத்பெர்ட், பெண்களோடு எவ்விதத் தொடர்பும் கூடாது என்று தடை விதித்ததாக அவர் காரணம் காட்டுகிறார். கோல்டிங்ஹம் எரிந்த செய்தி பீட் அடிகளார் எழுதிய ஆங்கிலத் திருச்சபை வரலாற்றிலும் விரிவாக இருக்கிறது. அந்தப் பகுதியில் கத்பெர்ட்டின் பெயரே வரவில்லை; தடையும் இல்லை. தீயைப் பழைய நூலிலிருந்து எடுத்துக்கொண்டு, தடையைப் புதிதாக அதனோடு இணைத்திருக்கிறார்கள். மனைவியரோடு வாழ்ந்த குருக்களை வெளியேற்றியது புனிதரின் விருப்பமே என்று காட்ட இது துறவியருக்கு உதவியது என்று இன்றைய வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. சிமியோன் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. அவர் தம் தலைமுறையின் துறவு ஒழுங்கைப் பழைய புனிதர்மீது ஏற்றிப் பார்த்தார்.

எழுதியதும் விதி வேரூன்றியது. எல்லையைத் தாண்டிய பெண்கள் தண்டனை பெற்றதாகச் செய்திகள் பெருகின. நார்தம்பிரியாவின் ஆளுநர் டோஸ்டிக்கின் மனைவி யூதித்து, தாமே போகத் துணியாமல் பணிப்பெண் ஒருத்தியை ஆலய வளாகத்துக்குள் அனுப்பிப் பார்த்ததாகவும், அவள் கடுங்காற்றால் தாக்கப்பட்டு வீழ்ந்ததாகவும் சிமியோன் எழுதுகிறார். 1333-இல் மூன்றாம் எட்வர்ட் அரசர் டர்ஹமில் தங்கியிருந்தபோது அவருடைய அரசி பிலிப்பா மடத்துத் தலைவரின் இல்லத்தில் கணவரோடு உறங்கச் சென்றார். புனிதர் இதைப் பொறுக்கமாட்டார் என்று துறவியர் முறையிடவே, அரசி இரவிலேயே எழுந்து உள்ளாடையோடு கோட்டைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1417-இல் நியூகாசிலைச் சேர்ந்த பெண்கள் இருவர் ஆண் உடையில் கல்லறையை நெருங்க முயன்று பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டார்கள். அந்த இருவரையும் நினைத்தால் எனக்கு அவர்கள்மீது மதிப்பே மிகுகிறது. தண்டனை வருமென அறிந்தும் ஒரு புனிதரின் கல்லறையருகே செபிக்க விரும்பியவர்கள் அவர்கள்.

கட்டடத்தில் இந்த விதி விட்ட தடம் அந்தக் கோடு மட்டுமன்று. 1170-களில் ஆயர் ஹியூ, வழக்கப்படி பேராலயத்தின் கிழக்குக் கோடியில் மரியன்னைக்குச் சிற்றாலயம் எழுப்பத் தொடங்கினார். கல்லறைக்கு அருகில் அமையவிருந்த அந்தக் கட்டடத்தில் விரிசல்கள் தோன்றவே, பெண்கள் வரும் இடம் தமக்கு அருகில் இருப்பதைப் புனிதர் விரும்பவில்லை என்று பொருள் கொண்டு, மேற்குக் கோடியில், வேர் ஆற்றின்மேல் எழும் செங்குத்துப் பாறையின் விளிம்பில் அதைக் கட்டினார்கள். கலிலேயாச் சிற்றாலயம் எனப்படும் அது, மெல்லிய தூண்களும் வரிவரியாகச் செதுக்கிய வளைவுகளும் கொண்டு, பேராலயத்தின் பருத்த தூண்களுக்கு முற்றிலும் மாறான அழகோடு இன்றும் நிற்கிறது. பெண்கள் தடையின்றி வந்து செபிக்க முடிந்த இடம் அதுதான். 1370-இல் பீட் அடிகளாரின் எலும்புகள் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டன. கென்ஸ்வித்தையும் எல்ஃபிளேடையும் வெர்காவையும் பற்றி எழுதிவைத்தவர், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதியிலேயே அடக்கமாகியிருக்கிறார்.

மறுமொழி: ஓய்வுபெற்ற பங்குத்தந்தை

அன்புள்ள ஆசிரியை அவர்களே, உங்கள் இரண்டாவது வினாவுக்கு நான் விடை கூற முயல்கிறேன்.

திருத்தந்தை ஒருவர் முறைப்படி புனிதர் பட்டம் அளித்ததாக உறுதியாக அறியப்படும் முதல் நிகழ்வு 993-இல் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக்குக்கு நடந்தது. கத்பெர்ட் இறந்தது அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன். அந்தக் காலத்தில் ஒருவர் புனிதரா என்பதை அவரை அறிந்த மக்களின் பக்தியும் அவ்விடத்து ஆயரின் இசைவும் முடிவு செய்தன. அதன் வெளி அடையாளம், அடக்கம் செய்த உடலை எடுத்து ஆலயத்தில் தரைக்கு மேல், வணக்கத்துக்கு ஏற்ற இடத்தில் வைப்பது. லிண்டிஸ்ஃபார்னில் அது 698-இல், அவர் இறந்த 11-ஆம் ஆண்டு நினைவுநாளில் நடந்தது. எலும்புகளை மட்டுமே எதிர்பார்த்துக் கல்லறையைத் திறந்த துறவியர், மூட்டுகள் மடங்கும் நிலையில், உறங்குபவரைப் போன்ற முழு உடலைக் கண்டு அஞ்சினார்கள் என்று பீட் அடிகளார் எழுதுகிறார். தவக்காலத்தில் தனித்திருந்து செபித்துக்கொண்டிருந்த ஆயர் ஈட்பெர்ட்டிடம் அவர்கள் மேலாடையை எடுத்துச் செல்ல, அவர் அதை முத்தமிட்டு, உடலைப் புதிய ஆடையால் போர்த்திப் புதிய பெட்டியில் வைத்துத் தரைமீது நிறுவும்படி பணித்தார். அந்த ஆயர் அதே ஆண்டு மே 6 அன்று இறந்து, காலியான அந்தக் கல்லறையிலேயே கத்பெர்ட்டின் பெட்டிக்குக் கீழே அடக்கம் செய்யப்பட்டார்.

இதில் நான் பெரிதும் மதிக்கும் செய்தி, கத்பெர்ட் இவை எதையும் விரும்பவில்லை என்பதே. ஃபார்ன் தீவில் சாகும் தறுவாயில் தம்மை அங்கேயே புதைத்துவிடுமாறு அவர் கேட்டார். தம் கல்லறையை லிண்டிஸ்ஃபார்னில் வைத்தால் குற்றம் செய்தோரும் தப்பியோடுவோரும் அங்கே அடைக்கலம் தேடி வருவார்கள், அவர்களுக்காக உலகத் தலைவர்களிடம் பரிந்து பேசும் சுமை உங்கள்மீது விழும் என்று துறவியரிடம் சொன்னார். அவர்கள் மன்றாடிய பின்னரே இசைந்தார். அப்போதும், ஆலயத்தின் உட்பகுதியில் புதைத்தால் வருவோரைக் கட்டுப்படுத்துவது உங்களுக்கு எளிது என்றார். தம் பெயரால் மடத்துக்குச் சிறப்பு வரும் என்ற எண்ணத்தைவிட, அதனால் மற்றவர்களுக்கு வரும் துன்பமே அவருக்கு முன்னே நின்றது.

உடல் அழியாமை குறித்து: 1104-இல் புதிய டர்ஹம் பேராலயத்துக்கு உடலை மாற்றுமுன் பெட்டி திறக்கப்பட்டபோது, ஐயுற்றவர்களுக்காக, அந்த மடத்தைச் சேராத சான்றோர் முன்னிலையிலும் உடல் பார்க்கப்பட்டது. பின்னாளில் கான்டர்பரிப் பேராயரான மடாதிபதி ரால்ஃப் அவர்களுள் ஒருவர். எட்டாம் ஹென்றியின் ஆணையர்கள் 1530-களின் இறுதியில் கல்லறையை உடைத்தபோதும் உடல் முழுமையாக இருந்ததாக டர்ஹம் மரபு கூறுகிறது. 1827-இல் திறந்தவர்கள் கண்டது எலும்புக்கூட்டை. இன்று மாணவர்களிடம் இவை அனைத்தையும் உள்ளவாறே சொல்லலாம் என்பது என் கருத்து. கத்தோலிக்கத் திருச்சபையில் ஓர் உடல் அழியாதிருப்பது ஒருவரைப் புனிதராக்குவதில்லை. அது அழிவது அவருடைய புனிதத்தைக் குறைப்பதுமில்லை.

1827-இல் கிடைத்தவற்றுள் ஒன்றை மட்டும் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஆடைகளின் மடிப்புகளுக்குள், முன்னர் திறந்த எவர் கண்ணிலும் படாமல், செம்மணிக் கற்கள் பதித்த பொற்சிலுவை ஒன்று இருந்தது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சிலுவை ஒடிந்து, பழுதுபார்க்கப்பட்ட தடங்களோடு இருக்கிறது. ஆகவே அடக்கத்துக்கென்று செய்யப்பட்டதாக இல்லாமல், அணிந்து பழகியதாகவே தெரிகிறது. சிதைந்த ஓக் மரப் பெட்டியின் பலகைகளும் எடுக்கப்பட்டன. அவற்றில் கிறிஸ்துவும், நற்செய்தியாளர் நால்வரின் சின்னங்களும், திருத்தூதர்களும், வானதூதர்களும், குழந்தை இயேசுவை மடியில் ஏந்திய மரியன்னையும் கோட்டுருவங்களாகக் கீறப்பட்டிருக்கின்றன. 698-இல் அந்தத் துறவியர் செய்த பெட்டி அது என்பதே பொதுவான முடிவு. பெண்கள் நெருங்கக் கூடாது எனப்பட்ட அந்த உடல், ஒரு தாயின் உருவம் செதுக்கப்பட்ட பெட்டிக்குள்தான் அத்தனை நூற்றாண்டுகளும் இருந்தது.

மீண்டும் ஆசிரியை

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சிறு ஐயங்கள் இருக்கின்றன. அந்த விதி எப்போது வழக்கொழிந்தது? மேலும், அவர் ஆயராக இருந்த காலம் மிகக் குறுகியது என்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் தனித்துறவி, புதுமை செய்தவர் என்பதோடு நிறுத்தாமல், ஆயர் என்ற முறையில் அவரைக் காட்ட எந்த நிகழ்ச்சியைச் சொல்லலாம்?

மறுமொழி: வரலாற்று மாணவன்

முதல் ஐயத்துக்கு விடை எளிது. 1539-இன் இறுதியில் டர்ஹம் மடம் கலைக்கப்பட்டது. துறவியரோடு அந்த விதியும் போயிற்று. பேராலயம் இங்கிலாந்துத் திருச்சபையின் கீழ் வந்ததும், மணம் புரிந்த குருக்களும் அவர்களுடைய மனைவியரும் அதே வளாகத்தில் குடியேறினார்கள்.

இரண்டாவது ஐயத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். 684-இல், பேராயர் தியோடோர் தலைமையில் கூடிய மன்றம் அவரை ஆயராகத் தேர்ந்தெடுத்தது. கடிதங்களுக்கும் தூதர்களுக்கும் அவர் இணங்காததால், அரசர் எக்ஃப்ரித்தே ஆயர் டிரம்வினோடும் பெரியவர்கள் பலரோடும் ஃபார்ன் தீவுக்குப் படகில் வந்து, முழந்தாளிட்டு வேண்டினார். கண்ணீரோடு அவர் இசைந்தார். 685 மார்ச் 26 அன்று, உயிர்ப்புப் பெருவிழாவில், யார்க் நகரில் தியோடோரும் மற்ற ஆயர்களும் அவரைத் திருநிலைப்படுத்தினார்கள். முதலில் அவருக்கென முடிவானது ஹெக்சம் மறைமாவட்டம். தம்மைத் துறவு வாழ்வில் வளர்த்த ஈட்டாவோடு மாற்றிக்கொண்டு லிண்டிஸ்ஃபார்னை ஏற்றார். 686 கிறிஸ்துமஸ் முடிந்ததும், தம் முடிவு நெருங்குவதை உணர்ந்து, பொறுப்பைவிட்டு ஃபார்ன் தீவுக்குத் திரும்பினார். ஆகவே ஆயர் பணி இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு.

ஆனால் அந்தக் குறுகிய காலத்தில் அவர் ஓரிடத்தில் இருக்கவில்லை. மெல்ரோஸ் மடத்துத் துறவியாக இருந்தபோதே, மற்றவர்கள் போக அஞ்சிய கரடுமுரடான மலைச் சிற்றூர்களுக்கு நடந்து சென்று, வாரக்கணக்கில், சில வேளை ஒரு மாதம்கூட அங்கேயே தங்கி, ஏழை மக்களுக்குப் போதித்தவர் அவர். ஆயரான பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆலயமே இல்லாத மலைப்பகுதியில் கூடாரம் அமைத்து, சுற்றுப்புற ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு உறுதிபூசுதல் வழங்கினார். திருப்பலி நிறைவேற்றும்போதும், மக்கள் தம் பாவங்களை அறிக்கையிடும்போதும் அவர் கண்ணீர் விட்டார் என்று பீட் அடிகளார் பதிவுசெய்கிறார்.

நீங்கள் வகுப்பில் ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்வதாயின், இதைச் சொல்லுங்கள். கொள்ளைநோய் பரவிய காலத்தில், எஞ்சியிருந்த மக்களைத் தேற்றுவதற்காக அவர் ஊர் ஊராகச் சென்றார். ஓர் ஊரில் எல்லாருக்கும் ஆறுதல் கூறி ஆசி வழங்கிய பின், தம்மோடு வந்த குருவிடம், நாம் பார்க்க வேண்டியவர் யாரேனும் விடுபட்டிருக்கிறார்களா என்று கேட்டார். அந்தக் குரு சுற்றிலும் பார்த்து, சற்றுத் தொலைவில் நின்ற ஒரு பெண்ணைக் காட்டினார். சிறிது நாள்களுக்கு முன் ஒரு மகனைப் பறிகொடுத்தவள் அவள். உடல் முழுதும் வீங்கி உயிர் பிரியும் நிலையிலிருந்த மற்றொரு மகனைக் கையில் ஏந்தி அழுதுகொண்டிருந்தாள். ஆயர் அவளிடம் சென்றார். தொற்றுக்கு அஞ்சாமல் அந்தச் சிறுவனை முத்தமிட்டு ஆசி வழங்கி, அஞ்சாதே, இவன் பிழைப்பான், உன் வீட்டில் இனி யாரும் இந்நோயால் சாகமாட்டார்கள் என்று தாயிடம் கூறினார். அந்தத் தாயும் மகனும் நெடுங்காலம் வாழ்ந்து அதற்குச் சாட்சியாக இருந்தார்கள் என்று அந்நூல் முடிக்கிறது. புதுமையை நம்பத் தயங்கும் மாணவருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது: விடுபட்டவர் யார் என்று அவர் கேட்டார், கூட்டத்துக்கு வெளியே நின்ற பெண்ணிடம் தாமே நடந்து போனார். அந்தக் கோட்டைப் பற்றி மாணவியர் கேட்கும்போது இந்த நிகழ்ச்சியையே விடையாகச் சொல்லிவிட்டு, பிறகு 1083-ஐப் பற்றிச் சொல்லுங்கள்.

வகுப்புக்கு நாள் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவர் இறந்த நாளான மார்ச் 20 பெரும்பாலும் தவக்காலத்துக்குள் வந்துவிடுவதால், விழாவாகக் கொண்டாட வாய்ப்பு குறைவு. 1104-இல் அவருடைய உடல் புதிய பேராலயத்தில் வைக்கப்பட்டதன் நினைவு செப்டம்பர் 4 அன்று வருகிறது. இளையோர் வகுப்புக்கு அந்த நாளையொட்டிய ஞாயிறு வசதியாக இருக்கும் என்பது என் பரிந்துரை.